வெள்ளையடித்த காடு

அந்தக் கடலைத் தோலைக் கீழ போடாதீங்க தம்பி. இந்தாங்க பேப்பர். இதுல போட்டு மடிச்சு வச்சிக்குங்க. இறங்குனதும் தொட்டி பாத்துப் போட்டுடலாம். கோவிச்சுக்காதீங்க. முப்பது வருஷத்துக்கு மேல நகராட்சியில சானிட்டரி இன்ஸ்பெக்டரா இருந்த உடம்பு இது. வேலையிலேருந்து ரிட்டயர் ஆயிட்டேன், கண்ணு மட்டும் ரிட்டயர் ஆவ மாட்டேங்குது. குஞ்சிதபாதம்னு பேரு. ஊரு நொச்சித்திட்டு. சிதம்பரத்துக்குக் கிழக்கால, உப்புத்தண்ணிச் சேத்துல நிக்கிற சுரபுன்னைக் காட்டை ஒட்டி.

இந்த சீட்டுல நானா வந்து உக்காரல. அஞ்சலாட்சிதான் உக்காரச் சொன்னா. திரும்பிப் பாருங்க, கடைசி சீட்டுல பொம்பளைங்களா உக்காந்திருக்காங்கல்ல, அதுல பச்சைப் புடவை. "ஐயா, அங்க போயி மைக்குக்கு முன்னால தடுமாறக் கூடாது. அந்தத் தம்பி பாத்தா படிச்ச புள்ளையாட்டம் இருக்கு. அதுகிட்ட ஒருவாட்டி முழுசா சொல்லிப் பாத்துக்குங்க"ன்னா. எனக்கும் சரின்னு பட்டுச்சு. இன்னைக்குத் திங்கக்கெழம, கலெக்டர் ஆபீஸ்ல குறை கேக்குற கூட்டம். எங்க ஊரு விஷயத்துக்கு இன்னைக்குத்தான் முடிவு. பஸ்ஸு கடலூர் போறதுக்குள்ள சொல்லி முடிச்சிடுவேன், கேப்பீங்கல்ல?

வயிறு எரியுது தம்பி. சாதாரண எரிச்சல் இல்ல. ராத்திரியில ஒழுங்கா தூங்கி எத்தனையோ நாளாச்சு. ஒரு மனுஷன் ஊருக்கு உழைச்சா அதுக்கு ஒரு பேரு வேணாமா? அதைத் தூக்கி அடுத்தவங்களுக்குக் குடுத்துட்டா எப்படி இருக்கும்?

எங்க ஊருக்குன்னு ஒரு வனக்குழு இருக்கு. நான்தான் தலைவர். ஓட்டுப் போட்டெல்லாம் இல்ல, ஊர்ல வேற யாரு இருக்கா சொல்லுங்க. காட்டுக்குள்ள ஒரு ஓடை போவுது. அந்த ஓடையை நம்பித்தான் இந்தப் பொம்பளைங்க பொழப்பு. வலை கிடையாது, படகு கிடையாது. இடுப்பளவு தண்ணியில உக்காந்த மேனிக்கு நகந்து நகந்து, சேத்துக்குள்ள கையை விட்டுத் தடவி இறால் புடிப்பாங்க. புடிச்சதைப் போட பனையோலைப் பறி. அந்தப் பறியோட கயித்தைப் பல்லுல கடிச்சிக்குவாங்க, ரெண்டு கையும் வேலையா இருக்கும்ல. நண்டு கடிக்கும், சிப்பி கிழிக்கும். அந்தக் கையை நீங்க பாக்கணும். சுகாதாரமே கிடையாது. நான் எத்தனையோ வாட்டி சொல்லியிருக்கேன், டெட்டால் போட்டுக் கழுவுங்கடின்னு.

போன வருஷக் கடைசியில ஒரு சேதி வந்துச்சு. காட்டோட ஆரோக்கியத்தை அளக்க ஆளுங்க வர்றாங்களாம். கடற்கரை பூராவும் திட்டுத் திட்டாப் பாத்து மார்க் போடுவாங்களாம். காடு நல்லா இருந்தா ஊர்க்காரங்க வழக்கம்போல போயி வரலாம். மோசமா இருந்தா மூடிடுவாங்க, வருஷக் கணக்குல ஒருத்தரும் உள்ள காலு வைக்கக் கூடாது. இதைக் கேட்டதும் பொம்பளைங்க கூட்டமா என் வீட்டு வாசலுக்கு வந்துட்டாங்க. "ஓடையை மூடிட்டா நாங்க எங்கங்கய்யா போவோம்?"னு அஞ்சலாட்சி கேட்டா. அவ புருஷன் கடல்ல போனவன் திரும்பி வரல. ரெண்டு பொண்ணுங்க. ரெண்டும் படிக்குது.

நான் சொன்னேன், "நான் இருக்கேன்ல? ஆரோக்கியம்னா எனக்குத் தெரியாத ஆரோக்கியமா? வர்றவங்க பாத்து அசந்து போற மாதிரி காட்டை வச்சிக் காட்டுறேன். நான் சொல்றதை மட்டும் செய்யுங்க."

செஞ்சாங்க. அதுல குறை சொல்ல மாட்டேன். வாயைத் தொறக்காம செஞ்சாங்க.

முதல் நாளு நான் உள்ள போயி பாத்தேன் தம்பி. என்னா அலங்கோலம்! கீழ பூராவும் எலை. எலை மேல எலை விழுந்து, அழுகி, கறுப்பா நாறிக்கிட்டு கிடக்குது. எத்தனை காலமா எவனும் கூட்டவே இல்லன்னு தெரியுது. சேறு பூரா பொத்தல் பொத்தலா நண்டு வளை. அப்புறம் இந்த வெண்கண்டல் மரம் இருக்கே, அதைச் சுத்தி பென்சிலை நட்டு வச்ச மாதிரி சின்னச் சின்னதா வேரு, மண்ணுக்குள்ளேருந்து மேல பாத்து நீட்டிக்கிட்டு நிக்குது. ஒண்ணு ரெண்டு இல்ல, கால் வைக்க இடமில்லாம. நடுநடுவுல கன்னு, தாறுமாறா, இங்க ஒண்ணு அங்க ஒண்ணு. நட்டா வரிசையா நட வேணாம்?

வர்றவங்க பெரிய அதிகாரிங்க. அவங்க கால்ல அந்த வேரு குத்தினா நம்மளைப் பத்தி என்ன நெனைப்பாங்க? அருவாளை எடுத்து வரச் சொன்னேன். நீட்டிக்கிட்டு நின்ன வேரையெல்லாம் மண்ணோட மண்ணா அறுக்கச் சொன்னேன். எலையைக் கூட்டி அள்ளச் சொன்னேன். வளையையெல்லாம் களிமண்ணு வச்சி அடைக்கச் சொன்னேன். வரிசையில நிக்காத கன்னைப் புடுங்கச் சொன்னேன். ஒரு கெழவி மட்டும், "வேரை ஏங்கய்யா அறுக்கணும், அது பாட்டுக்குக் கெடக்குது"ன்னுச்சு. "உனக்கு ஓடை வேணுமா வேணாமா?"ன்னேன். அறுத்துச்சு.

அப்புறம் ஓடை வாயி. கடல் ஏறி ஏத்தத் தண்ணி உள்ள வர்றப்போ என்னென்ன வருதுங்கிறீங்க? பாட்டிலு, செருப்பு, தண்ணிப் பாக்கெட்டு, கிழிஞ்ச வலை. ஒருபக்கம் நாங்க கூட்டுறோம், மறுபக்கம் கடல் கொண்டாந்து கொட்டுது. விடுவேனா? மண்ணு மூட்டை அடுக்கி வாயிலயே ஒரு கரை போட்டேன். என் பிளான். ஓரத்துல பொம்பளைங்க போக வர ஆளு நுழையுற அளவுக்கு வழி விட்டு, அதுக்கும் மூங்கில் தட்டி. குப்பை நின்னு போச்சு. தண்ணியும் நின்னு போச்சு. நின்ன தண்ணியில கொசு வந்துச்சு. கொசுவைக் கண்டா எனக்கு ரத்தம் கொதிக்கும் தம்பி, அது சர்வீஸ்ல வந்த கோவம். பழைய ஆபீஸ்ல சொல்லி கொசு எண்ணெய் வாங்கியாந்து ஓடை பூரா தெளிச்சேன். கொசு ஒழிஞ்சுச்சு.

கடைசியா மரம். ரோட்டோரத்துல புளியமரத்துக்கெல்லாம் அடிச்சிருப்பாங்க பாருங்க, வெள்ளையும் காவியுமா பட்டை. அதே மாதிரி ஓடையோட ரெண்டு பக்கமும் ஒரு மரம் விடாம சுண்ணாம்பும் காவியும் அடிச்சேன். நடைபாதை ஓரமா ப்ளீச்சிங் பவுடர் கோடு. மந்திரி வர்றாருன்னா ரோட்டுக்குப் போடுறோம்ல, அந்த மாதிரி. எத்தனை மந்திரிக்குப் போட்டிருப்பேன், கோடு நூல் புடிச்ச மாதிரி இருக்கும். முடிச்சிட்டு ஓரமா நின்னு பாத்தேன் தம்பி. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. காடுன்னா அது காடு. உள்ள போயி சாப்பாட்டு எலை போட்டு உக்காந்து சாப்பிடலாம்.

தை மாசம் வர்றதா சொன்னவங்க வரல. ஏதோ தேதி மாத்தி வச்சிட்டாங்களாம். மாசி, பங்குனி, சித்திரைன்னு ஓடுது. நான் விட்டுட்டேனா? வாராவாரம் கூட்டுறது, புதுசா முளைக்கிற வேரை அறுக்குறது, பவுடர் போடுறதுன்னு அலுக்காம செஞ்சோம். கடைசியா ஆடியில வந்து குதிச்சாங்க. தையிலயே வந்திருந்தா எத்தனை அழகாப் பாத்திருப்பாங்க! லேட்டா வந்தது அவங்க தப்பு. அதை யாரு கேக்குறது? வைகாசிக்கப்புறம் மரத்துல நுனியெல்லாம் லேசா காஞ்சுது, எலை கொஞ்சம் மஞ்சளாக் கொட்டுச்சு. வெயிலுன்னா கொட்டாதா? எங்க வீட்டு முருங்கையும்தான் கொட்டுச்சு. ஓடையில இறால் கொறைஞ்சிடுச்சுன்னு பொம்பளைங்க முணுமுணுத்தாங்க. "கோடையில கொறையும், கொஞ்சம் பொறுங்கடி"ன்னேன்.

வந்தது யாருங்கிறீங்க? டாக்டர் பெனிட்டாவாம். என் பொண்ணு வயசுதான் இருக்கும். கூட ரெண்டு பேரு. நான் மாலை, இளநீ எல்லாம் தயாரா வச்சிக்கிட்டு கரையில குடையோட நிக்கிறேன். அந்தம்மா படகுலேருந்து இறங்குச்சு. மாலையைப் பாக்கல, என்னைப் பாக்கல. மரத்தையே பாத்துக்கிட்டு நிக்குது. நான் நெனைச்சேன், அசந்து போச்சுன்னு.

"இது என்னங்க?"ன்னுச்சு.

"பட்டைம்மா. சுண்ணாம்பும் காவியும்."

"எதுக்கு?"

"அழகுக்கும்மா."

அந்தம்மா செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு நேரா சேத்துல இறங்கிடுச்சு. நாலு குச்சியை நட்டு, கயிறு கட்டி, ஒரு சதுரம் போட்டாங்க. அதுக்குள்ள கன்னு எத்தனைன்னு தேடுறாங்க. ஒண்ணும் இல்ல. எப்படி இருக்கும், நாங்கதான் ஒண்ணு விடாம எடுத்துட்டோமே. இன்னொரு சதுரம். அங்கயும் இல்ல. மரத்தைச் சுத்தி டேப் வச்சி அளக்குறாங்க, எலையைப் பறிச்சி வெயிலுக்கு நேரா புடிச்சுப் பாக்குறாங்க. சேத்துத் தண்ணியில ஒரு சொட்டு எடுத்து, சின்னக் குழாய் மாதிரி ஒண்ணுல விட்டு, வானத்தைப் பாத்து கண்ணுல வச்சி உப்பு பாக்குறாங்க. பாத்துட்டு ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிறாங்க. அப்புறம் கேளுங்க, நண்டு வளை எங்கன்னு தேடுறாங்க தம்பி! நண்டு வளை! பொந்து நெறையா இருந்தா காட்டுக்கு மார்க்காம். எந்த ஊரு நியாயம் இது? நகராட்சியில எலி வளை நெறையா இருந்தா எனக்கு மெமோ குடுத்திருப்பான்.

எனக்கு ஏறிக்கிட்டே வருது. இளநீ வெயில்ல காயுது.

அப்ப அந்தம்மா முட்டி போட்டு உக்காந்து, அறுத்த வேரோட அடிக்கட்டையைத் தடவிப் பாத்துச்சு. குழந்தை தலையைத் தடவுற மாதிரி. நிமிந்தா கண்ணு செவந்து கெடக்குது.

"இந்தச் சேத்துக்குள்ள காத்தே கிடையாதுங்க. இந்த மரம் இந்த வேரை வெளிய நீட்டித்தான் மூச்சு விடுது. அதை அறுத்து, வர்ற தண்ணியை அடைச்சு, மேல எண்ணெயை ஊத்தி... மூக்கை அறுத்துட்டு மூஞ்சிக்குப் பவுடர் போட்டு வச்சிருக்கீங்க. யாருங்க வெட்டினது இதை?"ன்னு கத்துச்சு. ஆமா, கத்துச்சு. என்னைப் பாத்து. என் வயசுக்கு!

வேரு மூச்சு விடுதாம். எங்க வீட்டு வேப்பமரம் வேரை நீட்டிக்கிட்டா நிக்குது? படிச்சுட்டா எதை வேணாலும் சொல்லலாமா?

ஆனா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லணும்ல? வெட்டினது யாருன்னுதானே கேட்டுச்சு? ஓடைக்குள்ள பொம்பளைங்க இறால் தடவிக்கிட்டு இருந்தாங்க. கையை நீட்டிக் காட்டினேன். "இவங்கதாம்மா"ன்னேன். பொய்யா சொன்னேன்? அருவா யாரு கையில இருந்துச்சு? என் கையில குடைதான் இருந்துச்சு. அஞ்சலாட்சி தண்ணியிலேருந்து அப்படியே என்னைப் பாத்தா. பறிக் கயித்தைப் பல்லுல கடிச்சிருந்தாளா, வாயைத் தொறந்து ஒண்ணும் பேச முடியல. கயித்தை எடுத்துட்டு அவ கரையேறி வர்றதுக்குள்ள அந்தம்மா எழுதி முடிச்சிட்டு படகுல ஏறிடுச்சு. மாலையை நான் வீட்டுக்குக் கொண்டாந்து சாமி படத்துக்குப் போட்டேன்.

ரிப்போர்ட் வந்துச்சு. நொச்சித்திட்டுக் காடு, நிலை மிக மோசம். எங்க பக்கத்து ஊரு இருக்கே, எலையும் பொந்தும் நாத்தமுமா கெடக்கும், அது மிக நன்று! படிச்சதும் தலை சுத்திடுச்சு. அதாவது பரவால்ல தம்பி. அடுத்த வரி என்னாங்கிறீங்க? இறால் புடிக்கிற பெண்கள் வேர்களை வெட்டி, ஓடை வாயை அடைச்சி, காட்டைச் சேதப்படுத்தினார்கள். ஆகையினால இனிமே அவங்க உள்ள நுழையக் கூடாது. அப்படித்தான் சிபாரிசு.

யாரு அடைச்சது? இவங்களா? இவங்களுக்கு மண்ணு மூட்டை அடுக்கத் தெரியுமா? பட்டை அடிக்கிற யோசனை இவங்களுக்கு வருமா? அரை வருஷம் வெயில்ல குடையைப் புடிச்சிக்கிட்டு நின்னு, எங்க எதை வெட்டணும், எங்க எதை ஊத்தணும்னு சொன்னது யாரு? என் பேரு ஒரு எடத்துலயும் இல்ல. மருந்துக்குக்கூட இல்ல!

இந்தப் பொம்பளைங்க நன்றியைச் சொல்றேன் கேளுங்க. சேதி தெரிஞ்ச அன்னைக்குக் காலையில வாசல்ல வந்து நின்னுக்கிட்டு இந்த அஞ்சலாட்சி என்னைப் பேசாத பேச்சில்ல. "யோவ், நீ சொன்னியேன்னுதானேய்யா என் கையால அறுத்தேன்! சோறு போட்ட மரத்தை என் கையாலயே அறுக்க வச்சிட்டு, கையைக் காட்டி வுட்டியேய்யா! என் வயித்துல அடிச்சிட்டியே! எம்புள்ளைங்க என்னாத்த தின்னும்?" ஊரே கூடிப் பாக்குது. சேத்தை வாரி வாசக் கதவு மேல அடிச்சா. நான் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்துட்டேன். பைத்தியத்துகிட்ட பேச முடியுமா? என் வீட்டுக்காரி என்ன பண்ணினா தெரியுமா? கதவைத் தொறந்துக்கிட்டுப் போயி அவளுக்குத் தண்ணி குடுத்தா. படியிலயே உக்கார வச்சி ரொம்ப நேரம் என்னமோ பேசிக்கிட்டு இருந்தா. யாரு பக்கம் பாருங்க.

பொம்பளைங்க கோவம் வந்த வேகத்துல போயிடும். ரெண்டு நாள் கழிச்சு அஞ்சலாட்சியே திரும்ப வந்தா. தலை வாரி, புடவை மாத்தி, பதவிசா வந்து நிக்கிறா. அன்னைக்குப் பேசினதே இவதானான்னு இருந்துச்சு.

"தப்பாப் பேசிட்டேங்கய்யா, மனசுல வச்சிக்காதீங்க. ஒண்ணு நெனைச்சாத்தான் எனக்கு ஆத்தாமையா இருக்கு. யோசனை பூரா உங்களுது. அருவா எடுத்தாரச் சொன்னது நீங்க, கரை போடச் சொன்னது நீங்க, எண்ணெய் வாங்கியாந்தது நீங்க. எங்க கைதான், புத்தி உங்களுது. இன்னைக்கு எங்க பேருல்ல எழுதியிருக்கு? உங்க பேரே இல்லையேங்கய்யா."

உள்ள வந்து உக்காருன்னு நாற்காலியை நானே இழுத்துப் போட்டேன் தம்பி. ஊர்ல ஒருத்திக்காவது தோணுச்சே.

"அந்தம்மா சேதம்னு சொல்லுது. அது சேதம் இல்ல, சுத்தம்னு எடுத்துச் சொல்ல உங்களை விட்டா யாரு இருக்கா? எழுதிக் குடுத்தா எவனோ படிச்சு எங்கயோ போட்டுடுவான். திங்கக்கெழம அந்தப் பெனிட்டாம்மாவும் வருதாம். கலெக்டரு முன்னால, அது முன்னால, உங்க வாயால சொல்லுங்க. நாங்க செய்யல, எல்லாம் நான் சொல்லித்தான் செஞ்சாங்கன்னு நெஞ்சை நிமித்திச் சொல்லுங்க. நாங்களும் கூட வந்து நிக்கிறோம்"னா.

அதான் கெளம்பிட்டேன். காலையில என் வீட்டுக்காரி தயிர்சாதம் கட்டிக் குடுத்து, இத்தனை வருஷத்துல இல்லாத அதிசயமா வாசல் வரைக்கும் வந்து, "போயிட்டு வாங்க. ஒண்ணு விடாம சொல்லிட்டு வாங்க"ன்னா. பாத்தீங்களா, இந்தப் பொம்பளைங்க அத்தனை பேரும் வேலையை விட்டுட்டு எனக்காக வந்திருக்காங்க. எறங்குற எடத்துல தவறிடப் போறேன்னு ரெண்டு பேரு முன்வாசல் கிட்ட, மத்தவங்க பின்வாசல் கிட்ட. நான் நடுவுல. மந்திரிக்குக்கூட இந்தப் பாதுகாப்பு கிடையாது.

கலெக்டர் படிச்ச மனுஷன். சுத்தத்தோட அருமை அவருக்குத் தெரியாமலா போயிடும்? அந்தம்மா மூஞ்சி எப்படிப் போவுதுன்னு இன்னைக்குப் பாக்கணும். ஒவ்வொண்ணா எடுத்து வைக்கப் போறேன். வேரு, எலை, வளை, கன்னு, கரை, எண்ணெய், பட்டை, பவுடர். எல்லாம் குஞ்சிதபாதத்தோட உத்தரவு, இந்தப் பொம்பளைங்களுக்கு இதுல ஒரு பங்கும் கிடையாதுன்னு கூட்டத்துக்கே கேக்குற மாதிரி சொல்லப் போறேன். எவனாவது மறுக்கட்டும் பாப்போம்!

என்ன தம்பி அப்படிப் பாக்குறீங்க? ஏதோ சொல்ல வந்தீங்களே? சொல்லுங்க, பரவால்ல.

இரு அஞ்சலாட்சி, தம்பி என்னமோ சொல்ல வந்துச்சு. நீ ஏன் அதுக்குள்ள எழுந்து வந்துட்ட? மஞ்சக்குப்பம் வந்துடுச்சா, கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப்பு? சரி சரி, கையை விடு, நானே எறங்கிக்குவேன். கேட்டுக்கிட்டுத்தானே இருந்த? கோவையாச் சொன்னேனா? எதையாவது விட்டுட்டேனா?

"ஒண்ணையும் விடலீங்கய்யா. அந்தம்மா கேட்டப்ப கையைக் காட்டினீங்களே, அதைக்கூட விடல. அங்கயும் அப்படியே சொல்லுங்க. வாங்க, படி பாத்து."